ரசம் வைக்கத் தெரியாத கம்ப்யூட்டர்

1969 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கப் பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று டெக்ஸஸ் மாநிலத்தின் நீமன் மார்கஸ் கடை ஒரு பட்டியல் போட்டது. அந்தக் கடையின் பட்டியல் லேசுப்பட்டதில்லை. 1960-இல் கணவனுக்கு ஒன்று மனைவிக்கு ஒன்று என்று ஜோடி விமானம் விற்றவர்கள். 1967-இல் ஜோடி ஒட்டகம். ஒட்டகத்துக்கு மேல் இனி எதை விற்பது என்று மண்டையைக் குடைந்துகொண்ட யாரோ ஒரு புண்ணியவானுக்கு உதித்ததுதான் சமையலறைக் கம்ப்யூட்டர்.

விலை 10,600 டாலர். டாலர் ஏழரை ரூபாய்க்கு விற்ற காலம். நம் காசில் 80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எடை 100 பவுண்டுக்கு மேல். ஹனிவெல் கம்பெனியின் 316 என்ற மினி கம்ப்யூட்டரை ஒரு பீடத்தில் உட்காரவைத்து, முன்னால் காய் நறுக்கப் பலகை ஒன்றை நீட்டிவிட்டார்கள். கூடவே சமையல் புத்தகமும் ஏப்ரனும். ஹனிவெல் கணக்குப் போடுகிற அழகுக்கு வீட்டம்மாவும் சமைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று விளம்பரம் அங்கலாய்த்தது. அதை எழுதியவருக்கு அன்றிரவு வீட்டில் சோறு கிடைத்திருந்தால் அது அந்த அம்மாளின் பெருந்தன்மை.

அந்த யந்திரத்துக்குத் திரை கிடையாது. தட்டச்சுப் பலகை கிடையாது. முன்பக்கம் ஒரு வரிசை சுவிட்சு, ஒரு வரிசை விளக்கு. அவ்வளவுதான். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்க வேண்டுமானால், கேள்வியைப் பூஜ்யமும் ஒன்றுமாகப் பிரித்துச் சுவிட்சைப் போட வேண்டும். விடை, எரிந்தும் அணைந்தும் விளக்குகளில் வரும். படித்துக்கொள்ள வேண்டியது நம் சாமர்த்தியம். ஒரு விளக்கைத் தவறாகப் படித்தால் வத்தக்குழம்பு மோர்க்குழம்பாகிவிடும். இதற்காக இரண்டு வாரப் பயிற்சியும் விலையில் சேர்த்தி. இரண்டு வாரம் வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட பெண்மணி, திரும்பி வந்து கேரட் நறுக்கப் போகிறாள் என்று நம்பியவர்களை என்ன சொல்ல?

ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே 1969-இல் அதே கம்பெனியின் 516, அதாவது நம் சமையற்காரியின் அக்கா, கலிஃபோர்னியாவில் வேறு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பல்கலைக்கழகங்களின் கம்ப்யூட்டர்களைத் தொலைபேசிக் கம்பி வழியே பேசவைக்கிற அர்ப்பாநெட் வேலை. அக்டோபர் 29-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. ஆங்கிலத்தில் 'லாகின்' என்று அடிக்க நினைத்தார்கள். எல் போனது. ஓ போனது. அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உலக நெட்வொர்க்கின் முதல் செய்தியும் முதல் கோளாறும் ஒரே நாளில், ஒரே வார்த்தையில் பிறந்தவை. இன்று 'நெட் வரலை' என்று யாராவது சலித்துக்கொண்டால் அது புதுப் புகாரில்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலான குடும்ப வழக்கம். சில வருஷம் கழித்துத் தங்கை 316-ஐயும் அதே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சமையற்கட்டில் தேறாதவள் தபாலாபீசில் நன்றாகவே பெயரெடுத்தாள்.

ஆனால் வீட்டில் இது எதற்கு என்ற கேள்வி அப்படியே நின்றது. 1966-இலேயே பிட்ஸ்பர்க்கில் ஜிம் சதர்லாண்ட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் என்ஜினியர், கம்பெனியில் கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தார். எக்கோ 4 என்று பெயர், எடை சுமார் 800 பவுண்டு. அதற்குச் சொன்ன உபயோகங்களில் மளிகைப் பட்டியலும் உண்டு. 1977-இல் ஆப்பிள் 2 வந்தபோது விளம்பரப் படத்தில் கணவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறான். பின்னால் மனைவி காய்கறியோடு நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் "சமையல் குறிப்பு சேமிக்கலாம்" என்பதே பல்லவி. கம்ப்யூட்டர் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சமையலறையைச் சாப்பிடுகிற பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். குறிப்பைத் தேடி எடுப்பதுதான் அங்கே பெரிய கஷ்டம் என்று நினைத்துவிட்டார்கள். ரசத்துக்கு எவ்வளவு பெருங்காயம் என்று என் பாட்டியைக் கேட்டால், "போடறப்ப தெரியும், போடா" என்பாள். எந்த ஹனிவெல்லில் இதை ஏற்றுவது?

நடுவில் 1975-இல் ஆல்டேர் என்றொரு கம்ப்யூட்டர் வந்தது. 400 டாலருக்கும் குறைந்த விலை, உதிரி பாகமாக வரும், நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். நினைவகம் 256 பைட். இன்றைய யூனிகோடில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட்டாவது வேண்டும், கொம்பும் காலும் வைத்தால் 6. ரசத்துக்குச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தால் புளி, மிளகு, சீரகம் என்று பத்துப் பன்னிரண்டு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதை வைத்து என்ன செய்வதென்று வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை. ஸ்டீவ் டோம்பியர் என்பவர் ஒருநாள் அதன் பக்கத்தில் ரேடியோவை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஓட ஓட ரேடியோ கரகரத்தது. மனிதர் அந்தக் கரகரப்பையே சுருதி சேர்த்து, கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் ரசிகர் கூட்டத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சொந்தக் கம்ப்யூட்டர் உலகுக்குச் செய்த ஆரம்ப சேவைகளில் ஒன்று, பக்கத்திலிருந்த ரேடியோவைக் கெடுத்தது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே கிளைவ் சின்கிளேர், எதையும் மலிவாக விற்பதை ஒரு தவமாகவே செய்தவர், 1981 மார்ச்சில் இசட்எக்ஸ் 81 என்ற கம்ப்யூட்டரை விட்டார். நாமே பற்றவைத்துக்கொண்டால் 49.95 பவுண்டு, அவர்கள் பற்றவைத்துக் கொடுத்தால் 69.95. புத்தகக் கடையிலேயே கிடைக்கும். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பெற்றோர் வாங்கியது பிள்ளை படிக்க. பிள்ளை கேட்டது விளையாட. இந்த ஒப்பந்தம் உலகப் பொது. எந்த நாட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடாமலே அமலுக்கு வந்தது.

இசட்எக்ஸ் 81-இன் குணாதிசயங்களைத் தனிப் புராணமாகவே பாடலாம். பொத்தான் என்று தனியாக எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் தாளில் எழுத்தை அச்சடித்திருப்பார்கள், அழுத்தினோமா இல்லையா என்பது விரலுக்குத் தெரியாது. வேகமாகக் கணக்குப் போடச் சொன்னால் திரையை அணைத்துவிடும். ஒரே சிப்பு படமும் காட்டி யோசிக்கவும் வேண்டும் என்பதால், ஆழ்ந்து யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். அப்படி யோசித்தாவது சரியாகச் சொல்லுமா? ஆரம்பத்தில் வந்தவற்றில் 0.25-இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 1.3591409 என்றது. நம் ஊர் எட்டாம் வகுப்புப் பையன் 0.5 என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பான்.

நினைவகம் 1 கிலோபைட். அது போதாது என்று முதுகில் சொருக 16 கிலோபைட் பொட்டலம் ஒன்று தனியாக விற்றார்கள். சொருகிய இடம் லொடலொடக்கும். மணிக்கணக்கில் ஒற்றை விரலால் அடித்த நிரல், கடைசி வரிக்கு வரும்போது யாராவது மேஜையைத் தொட்டால் போதும். பொட்டலம் ஒரு நூலிழை அசையும், திரை வெளுக்கும், எல்லாம் போகும். இங்கிலாந்து முழுக்கக் களிமண் மாதிரி ஒட்டுப்பசையாலும் ரப்பர் பேண்டாலும் அதைக் கட்டிவைத்தார்கள். சூடு தாங்காமல் மேலே குளிர்ந்த பால் டப்பாவை வைத்தவர்களும் உண்டு. ஆக, கம்ப்யூட்டருக்கும் சமையலறைக்கும் கடைசியில் ஒரு நடைமுறை உறவு ஏற்பட்டது.

சேமிப்பதற்கு டேப் ரெக்கார்டர். சாதாரண கேசட். விளையாட்டு ஒன்றை ஏற்ற ஐந்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று ஓடும். சத்தம் கொஞ்சம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. நாலரை நிமிஷம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபின், ஏறவில்லை என்று தெரியும். மறுபடி ரீவைண்ட். பொறுமை என்ற குணத்தை ஒரு தலைமுறை பிரிட்டிஷ் சிறுவர்களுக்கு ஊட்டியது தேவாலயமில்லை, இந்த கேசட்தான்.

கடைகண்ணி விஷயத்துக்கு வருவோம். 1979-இல் மைக்கேல் ஆல்ட்ரிச் என்ற ஆங்கிலேயர் மனைவியோடு நடைபோய்க்கொண்டிருந்தார். பேச்சு வாராந்தர சூப்பர்மார்க்கெட் யாத்திரை பற்றி வந்தது. வாரா வாரம் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பது பெரும் தொல்லை என்று மனிதர் புலம்பினார். எல்லாக் கணவர்களும் புலம்புவதுதான். மற்றவர்கள் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து தப்பித்துவிடுவார்கள். இவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். வீட்டுக்குப் போய் டிவிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியே கடைக் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டார். கடைக்குப் போகச் சோம்பல்பட்ட ஒரு கணவனால் ஆன்லைன் வியாபாரம் பிறந்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் பச்சையாக எழுதுவதில்லை.

1984 மே மாதம் அந்த ஏற்பாடு இங்கிலாந்தின் வடகிழக்கில் கேட்ஸ்ஹெட் ஊருக்கு வந்தது. வயதானவர்கள் கடைக்கு நடக்காமலிருக்க நகராட்சியும் சேர்ந்து செய்த சோதனை. முதல் வாடிக்கையாளர் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, டிவி ரிமோட்டால் எண்களை அழுத்தி, டெஸ்கோ கடையில் மூன்று சாமான் கேட்டார்: மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை. கடையில் சீட்டு அச்சாகி வந்தது. பையன் எடுத்துக் கட்டி வீட்டில் கொடுத்தான். பாட்டி வாசலில் கையில் காசு கொடுத்தார்.

உலகத்து மேதைகளெல்லாம் இருபது வருஷமாகப் பீடம் போட்டும் பலகை நீட்டியும் சாதிக்காததை அந்தப் பாட்டி ரிமோட்டை வைத்துச் சாதித்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரிடம் சமையல் குறிப்பு கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும். முட்டையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். முட்டைதான் வேண்டியிருந்தது.

அந்தச் சோதனை உடனே எங்கும் பரவிவிடவில்லை. ஒருவேளை உலகத்துக்கு இன்னும் நிறையக் கஷ்டப்பட வேண்டும் என்று ஆசை இருந்திருக்கலாம். அந்த ஆசையைத் தீர்த்துவைக்கத்தான் தொண்ணூறுகள் வந்தன. நம் பங்குக்குச் சென்னை ரிச்சி தெரு.

மவுண்ட் ரோடிலிருந்து திரும்பினால் ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகம் விற்ற தெரு. அங்கே கம்ப்யூட்டரை முழுசாக வாங்குகிறவன் ஏமாளி, 'அசெம்பிள்' பண்ணுகிறவன் விவரஸ்தன் என்பது அக்காலத்து சாஸ்திரம். மதர்போர்டு ஒரு கடை, ராம் அடுத்த கடை, கேபினெட்டும் அதற்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் எதிர்க் கடை. ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வந்து போட்டால் பீப் பீப் பீப். தூக்கிக்கொண்டு போனால் மதர்போர்டுக்காரர், "போர்டு நல்லாருக்கு சார், ராம்தான் போயிருக்கு" என்பார். ராம்காரர் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராம்ல ஒண்ணும் இல்ல சார், எஸ்எம்பிஎஸ் அடிவாங்கிருக்கு" என்பார். எஸ்எம்பிஎஸ்காரர் யோசிக்கக்கூட மாட்டார். "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல சார்." வாரண்டி என்பது மூன்று கடைக்காரர்களும் வாடிக்கையாளரை அன்போடு ஒருவரிடம் ஒருவர் அனுப்பிவைக்கும் முறை.

வீட்டில் அதற்கு ராஜ மரியாதை. ஸ்டெபிலைசர், யுபிஎஸ், திரைக்கு முன்னால் கண்ணாடி, தைத்துப் போட்ட உறை. பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மூலஸ்தானத்துக்கு உள்ள அதே விதி. தூசி வரும் என்று சொன்னார்கள். செருப்போடு வந்தால் வைரஸ் வரும் என்று மாணவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

வீட்டில் கம்ப்யூட்டர் எதற்கு என்று அமெரிக்கர்கள் முட்டிக்கொண்ட கேள்விக்கு விடை கண்டது தமிழ்நாடுதான். ஜாதகம். 'இங்கே கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்துத் தரப்படும்' என்ற பலகை இல்லாத கடைத்தெரு அப்போது அரிது. பிறந்த நேரமும் ஊரும் கொடுத்தால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர் கர் என்று கட்டம், தசாபுத்தி, பொருத்தம் எல்லாவற்றையும் ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் கக்கும். ஜோசியர் சொன்னால் சந்தேகப்பட்ட மாப்பிள்ளை வீட்டார், கம்ப்யூட்டர் சொன்னால் அடங்கினார்கள். ஹனிவெல்லுக்கு இந்த யோசனையை யாராவது 1969-இலேயே சொல்லியிருந்தால் மயிலாப்பூரில் மட்டும் நாலு விற்றிருக்கும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுதந்திர தினத்தில் பிறந்ததாலோ என்னவோ அதுவும் அகிம்சை வழியில்தான் நடந்தது: வினாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு எம்பி இறங்கக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். அதுவும் காற்று, மழை, அத்தை மூவரும் ஒத்துழைத்தால். அடுத்த அறையில் அத்தை ரிசீவரை எடுத்து "ஹலோ, யாரு, யாரோ கத்தறாளே" என்றால் முடிந்தது. அறுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து டயல் செய்ய வேண்டும். இணையத்துக்கு மணிக்கணக்கில் ஒரு காசு, தொலைபேசிக்குத் தனியாக ஒரு காசு. அதனால் பக்கம் திறந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படிப்பது குடும்ப வழக்கமானது. ராத்திரி 11 மணிக்கு மேல் வெளியூர் எஸ்டிடி அழைப்புக்குக் கால்வாசிக் கட்டணம் என்று ஊரில் மாமா பூத்தில் காத்துக் கிடந்து போன் போடுவார். அதே ராத்திரியில்தான் மருமகனும் இணையத்தில் இறங்கியிருப்பான். எங்கேஜ்டு. மறுநாள் மாமா கடிதம் போடுவார். அது மின்னஞ்சலுக்கு முன்னால் வந்துவிடும்.

இத்தனையும் தாண்டித் தமிழ்ப் பத்திரிகை ஒன்றைத் திறந்தால் திரை முழுக்கப் பிரெஞ்சு எழுத்தும் கட்டமும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி எழுத்துரு. அதை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பத்திரிகை எழுத்துருவில் அடுத்ததைப் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்று மாநாடே கூட்டினார்கள். விசைப்பலகையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள், அது உருப்படியான வேலை. எழுத்துருக் குறியீட்டை ஒன்றாக்க வேண்டுமே? டாம் என்று ஒன்று, டாப் என்று ஒன்று, ஆக இரண்டு. ஏற்கெனவே டிஸ்கி என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. நாலு தமிழறிஞர் கூடி ஒன்றை இரண்டாக்காமல் கலைந்தால்தான் அது செய்தி. பிற்பாடு யூனிகோடு வந்து எல்லோரையும் சமமாக அதட்டி உட்காரவைத்தது.

சாமான் வாங்குவது? கிரெடிட் கார்டு எண்ணை இணையத்தில் போட்டால் ரஷ்யாக்காரன் எடுத்துவிடுவான் என்று கார்டே இல்லாதவர்கள்கூட எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. 2007-இல் பெங்களூரில் இரண்டு பேர் ஃபிளிப்கார்ட் என்று ஆரம்பித்தார்கள், புத்தகம் மட்டும். முதல் ஆர்டர் அப்போதைய ஆந்திராவின் மகபூப்நகரிலிருந்து. கேட்டிருந்தது ஜான் வுட் என்பவரின் புத்தகம், மைக்ரோசாஃப்ட் வேலையை உதறிவிட்டு உலகத்தை மாற்றக் கிளம்பியவரின் கதை. புத்தகம் விநியோகஸ்தரிடம் இல்லை. கடைக்குப் போகிற தொல்லையை ஒழிக்க வந்த இருவரும் கடை கடையாக ஏறி இறங்கித் தேடினார்கள். ஆல்ட்ரிச் தப்பித்த வேலையை இவர்கள் பார்த்தார்கள். வியாபாரம் சூடு பிடித்தது 2010-க்குப் பிறகு, பொருள் வந்ததும் வாசலில் காசு கொடுத்தால் போதும் என்றபோது. பெரிய புரட்சி என்றார்கள். கேட்ஸ்ஹெட் பாட்டி 26 வருஷத்துக்கு முன்னாலேயே செய்ததுதான்.

இப்போது தலைக்கு மேலே செயற்கைக்கோள்கள் நம் வீட்டு வாசலைச் சில மீட்டர் துல்லியத்துக்குக் குறித்து வைத்திருக்கின்றன. செயலியில் ஒரு குட்டி வண்டி நம் தெருவை நோக்கி நகர்ந்து நகர்ந்து வரும். தெருமுனையில் நின்றுவிடும். போன் அடிக்கும்.

"சார், டெலிவரி. வீடு எங்க சார்?"

"மேப்புல காட்டுதேப்பா."

"மேப்பு சுத்தி விடுது சார். ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க."

"பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ல."

"எந்தப் பிள்ளையார் கோயில் சார்?"